விசைத்தறியும் திறன் காரணியும்: குமாரபாளையத்தின் மின்வரலாறு

காவிரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு நேர் எதிரே அமைந்த குமாரபாளையம் லுங்கிக்கும் துண்டுக்கும் பெயர்பெற்ற நெசவூர். முன்பு சேலம் மாவட்டத்தில் திருச்செங்கோடு வட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. பின்னர் தானே ஒரு வட்டத்தின் தலைமையிடமாகவும் ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 71 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தறிப்பட்டறை, சைசிங் ஆலை, சாயப்பட்டறை, துணிக்கடை என ஊரின் பிழைப்பு துணியைச் சுற்றியே நடக்கிறது. கைத்தறி ஊராக இருந்தது விசைத்தறி ஊராக மாறியதற்கு மின்சாரமே அடிப்படை. அந்த மின்சாரம் எவ்வளவு வந்தது என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது எந்தத் தரத்தில் இழுக்கப்பட்டது, அதைச் சீராக்கும் முறைகள் மின்தேக்கிப் பெட்டியிலிருந்து கணினித் திரை வரை எப்படி வளர்ந்தன என்பது அதிகம் சொல்லப்படாத பக்கம்.

மேட்டூரிலிருந்து வந்த மின்சாரம்

சென்னை மாகாண அரசு 1927-இல் மின்துறையைத் தனியாக அமைத்தது. அதன் முதல் பெரிய நீர்மின் நிலையமான பைக்காரா 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 1925-இல் கட்டத் தொடங்கிய மேட்டூர் அணை 1934 ஆகஸ்ட் 21 அன்று திறப்பு விழா கண்டது. அணையின் அடிவாரத்தில் கட்டப்பட்ட மின்நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கியது. தலா 10 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் 1946-க்குள் அங்கே நிறுவப்பட்டன.

மேட்டூர் மின்சாரத்துக்கு ஒரு குறை இருந்தது. அணை முதலில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. காவிரி டெல்டாவுக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது மரபு. மதகு அடைபடும் மாதங்களில் மின் உற்பத்தியும் சுருங்கிவிடும். நீலகிரியின் பைக்காராவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே இரண்டையும் ஈரோட்டில் இணைத்தார்கள். குமாரபாளையத்துக்குச் சில கல் தொலைவில், ஆற்றுக்கு மறுகரையில், மாகாணத்தின் இரு நீர்மின் அமைப்புகளும் சந்தித்தன. ஒன்று தளரும் காலத்தில் மற்றொன்று தாங்கும் ஏற்பாடு அது.

1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் அமைந்த பிறகு சிற்றூர்களுக்கும் கம்பி நீண்டது. 1960களின் நடுவில் மேட்டூர் சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட் திறனுடன் வந்தது. பின்னர் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை மின்நிலையங்கள் எழுந்தன. அவற்றுக்கும் கீழே சமயசங்கிலி, ஓடப்பள்ளி, வெண்டிபாளையம் என்று வரிசை தொடர்ந்தது. 1987 முதல் மேட்டூர் அனல்மின் நிலையமும் சேர்ந்தது. இந்தியாவின் பல நெசவூர்களுக்கு மின்சாரம் எங்கிருந்தோ வருவது. குமாரபாளையத்துக்கோ அது பக்கத்திலேயே பிறக்கிறது. எனினும், பட்டறைக்குள் நுழையும் மின்சாரத்தின் சிக்கல்கள் மின்நிலையம் அருகில் இருப்பதால் தீர்ந்துவிடவில்லை.

கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு

1952-இல் நடுவண் அரசு அமைத்த கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. 1960களில் அசோக் மேத்தா தலைமையிலான குழு விசைத்தறித் தொழிலைத் தனியாக ஆராய்ந்தது. கைத்தறியைக் காக்க 1985-இல் வந்த ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே உரியவை என்றது. விசைத்தறியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் அச்சட்டத்தை உறுதி செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஈரோடு, நாமக்கல், சேலம் சமவெளியில் விசைத்தறி பெருகிக்கொண்டே போனது. கைத்தறி நெய்த குடும்பங்களே வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு நான்கு தறி, ஆறு தறி என்று இறக்கின.

தொழிலின் தொடக்கக் கட்டத்தில் ஒரே இயந்திரத்திலிருந்து நீண்ட தண்டும் பெல்ட்டும் வழியாகப் பல தறிகளை ஓட்டும் முறை உலகெங்கும் வழக்கில் இருந்தது. பின்னர் தறிக்கு ஒரு மோட்டார் என்ற முறை நிலைத்தது. சாதாரண நாடாத் தறிக்கு முக்கால் முதல் ஒரு குதிரைத்திறன் வரையுள்ள மும்முனைத் தூண்டல் மோட்டார் போதும். 1880களின் இறுதியில் நிக்கோலா டெஸ்லாவும் கலிலியோ ஃபெராரிஸும் தனித்தனியே கண்ட தத்துவத்தில் இயங்குவது இது. 1889-இல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி உருவாக்கிய கூண்டு ரோட்டர் அமைப்பே இன்றும் தறியடியில் சுழல்கிறது. பிரஷ் கிடையாது, தேய்மானம் குறைவு, பஞ்சுத் தூசியிலும் ஓடும். நெசவுக்கு இதைவிடப் பொருத்தமான மோட்டார் அன்று இல்லை.

ஆனால் தறியின் சுமை சீரானதல்ல. நாடாவை அடித்து அனுப்பும்போதும் பலகை ஊடையை நெருக்கும்போதும் சுமை ஏறும், இடையில் இறங்கும். இழை அறுந்து நின்ற தறியை மறுபடி ஓட்டும்போது முதல் சுற்றிலேயே முழு வேகம் வேண்டும். இல்லாவிட்டால் துணியில் பட்டை விழும். இதற்காகவே தேவைக்கு மேல் பெரிய மோட்டார் பொருத்தப்படுகிறது. அது நாளின் பெரும்பகுதி தன் திறனில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. குறைந்த சுமையில் ஓடும் தூண்டல் மோட்டாரே திறன் காரணிச் சிக்கலின் ஊற்று.

திறன் காரணி என்பது

மாறுதிசை மின்சாரத்தில் மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. மின்னோட்டமும் அதே தாளத்தில் ஏறி இறங்கினால், இழுக்கப்படும் மின்சாரம் முழுவதும் வேலையாக மாறும். தூண்டல் மோட்டார் தன் காந்தப் புலத்தை எழுப்பிக்கொள்ளவும் மின்னோட்டம் இழுக்கிறது. அந்தப் பகுதி மின்னழுத்தத்துக்குக் கால் சுற்றுப் பின்தங்கி வருகிறது. ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் மோட்டாருக்குள் சென்று, வேலை எதுவும் செய்யாமல், கம்பி வழியே திரும்பிவிடுகிறது. தார் தீர்ந்துபோன நாடா இப்படியும் அப்படியும் ஓடுவதைப் போன்றது இது: ஓட்டம் உண்டு, நெசவு இல்லை. பாடநூல்கள் இதைச் சுழித்திறன் மின்னோட்டம் என்கின்றன. உண்மையில் வேலை செய்யும் திறனுக்கும், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் தோற்றத் திறனுக்கும் உள்ள விகிதமே திறன் காரணி. பட்டறைகளில் இதற்குப் பெயர் பவர் ஃபேக்டர்.

ஒரு எடுத்துக்காட்டு. 24 தறிகள் உள்ள ஒரு கூடம் 12 கிலோவாட் எடுக்கிறது, திறன் காரணி 0.6 என்று கொள்ளலாம். தோற்றத் திறன் 20 கிலோ வோல்ட்-ஆம்பியர். 415 வோல்ட் மும்முனை இணைப்பில் ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 28 ஆம்பியர் ஓடும். திறன் காரணியை 0.9-க்கு உயர்த்தினால் அதே நெசவுக்கு 18.5 ஆம்பியர் போதும். கம்பியில் சூடாகி வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். துணி ஒரு முழம்கூடக் குறையாது.

மீட்டரும் கட்டணமும்

சுழலும் அலுமினியத் தட்டு கொண்ட பழைய மீட்டர் வேலை செய்த மின்சாரத்தை மட்டுமே எண்ணும். சுழித்திறன் மின்னோட்டம் அதன் கணக்கில் ஏறாது. பெரிய ஆலைகளின் உயரழுத்த இணைப்புகளில் வேலை செய்யும் மின்சாரம், சுழித்திறன், தோற்றத் திறன் ஆகிய மூன்று அளவுகளையும் காட்டும் டிரைவெக்டர் மீட்டர் இருந்தது. சிறு பட்டறைகளிலோ திறன் காரணி கண்ணுக்குத் தெரியாமலே கிடந்தது. அதன் சுமையைத் தெருமுனை மின்மாற்றி தாங்கியது. மாலையில் எல்லாத் தறிகளும் ஓடும்போது விளக்கு மங்குவதும், மின்மாற்றி சூடேறுவதும், ஃப்யூஸ் போவதும் அதன் வெளித்தோற்றங்கள்.

மின்னணு மீட்டர் வந்தபின் நிலை மாறியது. அது திறன் காரணியை நேரடியாகப் பதிவு செய்தது. 1999-இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தைத் தொடர்ந்து 2004-இல் வழங்கல் விதித்தொகுப்பை வெளியிட்டது. உயரழுத்த நுகர்வோருக்குக் குறைந்தபட்சத் திறன் காரணி 0.90 என்றும், தாழ்வழுத்த நுகர்வோருக்கு 0.85 என்றும் விதிக்கப்பட்டது. தாழ்வழுத்தத்தில் 18.6 கிலோவாட், அதாவது 25 குதிரைத்திறன், அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ளவர்கள் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால், ஒவ்வொரு 0.01-க்கும் கட்டணத்தின் ஒரு விழுக்காட்டுக் கணக்கில் ஈட்டுத் தொகை கட்ட வேண்டும். பட்டறைகளில் இதைப் பெனால்டி என்றே சொல்கிறார்கள்.

விசைத்தறிக்கு அரசு தரும் இலவச மின்சாரம் வேறு கணக்கு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று 2006-இல் தொடங்கிய சலுகை, 2016-இல் 750 யூனிட்டாகவும் 2023-இல் 1000 யூனிட்டாகவும் உயர்ந்தது. சலுகை யூனிட்டைக் குறைக்கும்; கம்பியில் ஓடும் மிகை மின்னோட்டத்தைக் குறைக்காது. ஆறு தறி, எட்டு தறி வைத்திருப்பவர் 25 குதிரைத்திறன் வரம்பை எட்டுவதே இல்லை. ஆகவே மின்தேக்கி வாங்க அவருக்குக் கட்டணம் ஒரு தூண்டுதலாக இல்லை. சிறு பட்டறைகள் நெருங்கிய தெருக்களில் திறன் காரணி பொதுச் சிக்கலாகவே நீடித்ததற்கு இது ஒரு காரணம்.

மின்தேக்கிக் காலம்

தீர்வு பழையது, எளியது. மின்தேக்கி இழுக்கும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று முந்தி வரும். மோட்டாருக்கு அருகில் தகுந்த அளவு மின்தேக்கி வைத்தால், மோட்டார் கேட்கும் காந்த மின்னோட்டத்தை அதுவே கொடுத்து வாங்கும். மின்மாற்றி வரை அது போய்வரத் தேவையில்லை. மேலே கண்ட 24 தறிக் கூடத்துக்கு ஏறத்தாழ 10 கிலோவார் (சுழித்திறனின் அலகு) மின்தேக்கி போதும்.

கெப்பாசிட்டர் என்ற பெயரில் இது தறிக்கூடங்களின் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. ஓடும் தறிகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதால், நிலையான மின்தேக்கி எல்லா வேளைக்கும் பொருந்தவில்லை. பாவு ஏற்றவும் விடுமுறைக்கும் தறிகள் நின்றபோது மின்தேக்கி மட்டும் இணைப்பில் இருந்தால், மின்னோட்டம் முந்தத் தொடங்கி மின்னழுத்தம் ஏறும். இதைச் சரிசெய்யத் தானியங்கிப் பெட்டி வந்தது. அதிலுள்ள ரிலே திறன் காரணியை அளந்து, தேவைக்கேற்ப மின்தேக்கிகளைப் படிப்படியாகச் சேர்க்கும், கழற்றும். ஏ.பி.எஃப்.சி. பேனல் என்று அழைக்கப்படும் இந்தப் பெட்டி சைசிங் ஆலைகளிலும் பெரிய தறிக்கூடங்களிலும் வழக்கமானது. சுமை முழுவதும் மோட்டாராக இருந்தவரை இந்த முறையில் குறை காண இடமில்லை.

மின்னணுக் கருவிகள் வந்தபின்

நாடா இல்லாத ரேப்பியர் தறிகள், மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்கள், கணினி, எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் ஆகியவை தறிக்கூடத்துக்குள் வந்தன. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு இன்வெர்ட்டரையும் மின்கல அடுக்கையும் வீடு தோறும் பரப்பியது. 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டம் சாதாரணத் தறிகளை மேம்படுத்தவும் சூரிய மின்தகடு அமைக்கவும் உதவித்தொகை தந்தது.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் முதல் உறுப்பு மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் டையோடு பாலம். அதன் பின்னால் ஒரு பெரிய மின்தேக்கி. மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கும் சில மில்லி நொடிகளில் மட்டுமே டையோடு திறந்து மின்னோட்டத்தை வாங்கும். மற்ற நேரம் மூடியிருக்கும். ஆகவே மின்னோட்டம் வளைந்து ஏறி இறங்கும் அலையாக இல்லாமல், கூர்மையான துடிப்புகளாக வருகிறது. இத்தகைய துடிப்பைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸுடன் 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகளும் அதில் கலந்திருக்கும். இவையே ஹார்மோனிக்ஸ். மும்முனை டிரைவ்களில் ஐந்தாவதும் ஏழாவதும் முதன்மையானவை.

இங்கே திறன் காரணியின் பொருள் விரிகிறது. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு ஒரு துளியும் பின்தங்காமலே திறன் காரணி கெடலாம். அடிப்படை அலைக்குச் சமமான அளவு ஹார்மோனிக்ஸ் கலந்திருந்தால், பின்தங்கல் சுழியமாக இருந்தாலும் திறன் காரணி 0.71-ஐத் தாண்டாது. மின்தேக்கியால் இதைத் திருத்த முடியாது. உயர் அதிர்வெண்ணுக்கு மின்தேக்கி எளிய வழி. ஹார்மோனிக்ஸ் அதன் வழியே பாய்ந்து அதைச் சூடாக்கும். மின்மாற்றியின் தூண்டலும் மின்தேக்கியும் சேர்ந்து ஒத்ததிர்வு கொண்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 250 கிலோ வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி, அதன் மின்மறிப்பு 5 விழுக்காடு, மின்தேக்கி 100 கிலோவார் என்று கொண்டால், ஒத்ததிர்வு ஏறத்தாழ ஏழாவது ஹார்மோனிக்கில் விழுகிறது. டிரைவ்கள் வெளிவிடும் அதே ஏழாவது அங்கே பலமடங்கு பெருகும். மின்தேக்கி வீங்குவதும் வெடிப்பதும் இதனால் நேரக்கூடியவை.

திருத்தும் மாற்றி

மேலை நாடுகளில் ஹார்மோனிக்ஸ் சிக்கல் தொலைக்காட்சியும் கணினியும் பரவியபோது எழுந்தது. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1982-இல் 555-2 என்ற தரநிலையை வெளியிட்டது. 1995-இல் அதன் இடத்தில் 61000-3-2 வந்தது. ஐரோப்பாவில் 2001 முதல் அது கட்டாயமானது. 75 வாட்டுக்கு மேற்பட்ட கணினிகளும் தொலைக்காட்சிகளும் ஹார்மோனிக்ஸை வரம்புக்குள் வைத்தாக வேண்டும். இந்தியாவில் 2007-இல் நடுவண் மின்சார ஆணையம் வெளியிட்ட இணைப்புத் தரநிலைகள் மின்தொகுப்பில் ஹார்மோனிக்ஸுக்கு வரம்பு வகுத்தன.

விடையாக வந்ததே திறன் காரணியைத் திருத்தும் மாற்றி. டையோடு பாலத்துக்கும் மின்தேக்கிக்கும் இடையே ஒரு மின்தூண்டி, ஒரு குறைகடத்தி சுவிட்ச், ஒரு டையோடு ஆகியவற்றை வைத்து, சுவிட்சை நொடிக்கு ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுவார்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு மின்சுற்று தீர்மானிக்கும். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட்; மாற்றியின் வெளியீடு அதைவிட உயர்ந்த 400 வோல்ட். உச்சத்தில் சுவிட்ச் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரமே மூடியிருக்கும். மின்னழுத்தம் சுழியத்தை நெருங்கும்போது பெரும்பாலும் மூடியே இருக்கும். இப்படி மின்னோட்டம் மின்னழுத்தத்தின் வடிவத்தையே பின்பற்றும்படி செய்யப்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் கோச்சரும் ஸ்டைகர்வால்டும் இத்தகைய மாற்றியை விவரித்தார்கள். 1990 வாக்கில் யூனிட்ரோட் நிறுவனத்தின் யு.சி.3854 சில்லு வந்தபிறகு இது தொழிற்சாலைப் பொருளானது.

இந்த மாற்றிக்குள் இரண்டு கட்டுப்பாட்டு வளையங்கள் உண்டு. வேகமான உள்வளையம் மின்னோட்டத்தை வடிவமைக்கிறது. மெதுவான வெளிவளையம் வெளியீட்டு மின்னழுத்தத்தைக் காக்கிறது. வெளியீட்டில் 100 ஹெர்ட்ஸ் அலைவு தவிர்க்க முடியாதது. 300 வாட் சுமையும் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருந்தால், அந்த அலைவு முகட்டிலிருந்து பள்ளம் வரை ஏறத்தாழ 11 வோல்ட். வெளிவளையம் இந்த அலைவைத் துரத்தினால் மின்னோட்டத்தில் மூன்றாவது ஹார்மோனிக் புகும். ஆகவே அதன் வேகத்தை 10 முதல் 20 ஹெர்ட்ஸுக்குள் கட்டுவது மரபு. இவ்வளவு வேறுபட்ட வேகங்கள் ஒரே மின்சுற்றில் இருப்பதால், தாளில் கணக்கிட்டு மட்டும் இதை வடிவமைப்பது கடினம். கணினிச் சிமுலேஷன் இங்கேதான் தேவைப்பட்டது.

சிமுலேஷனின் வரலாறு

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ரோரரின் வகுப்பில் உருவான கேன்சர் என்ற நிரலிலிருந்து, லாரன்ஸ் நாகல், டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் ஸ்பைஸ் நிரலை உருவாக்கினார். 1973-இல் அது வெளியிடப்பட்டது. 1975-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பெடர்சன் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டதால் உலகெங்கும் பரவியது. 1984-இல் மைக்ரோசிம் நிறுவனம் பிஸ்பைஸ் என்ற பெயரில் அதைத் தனிக்கணினிக்குக் கொண்டுவந்தது. மின்தொகுப்புக் கணக்குகளுக்கு ஹெர்மன் டோமல் உருவாக்கிய இ.எம்.டி.பி. முன்பே இருந்தது. சுவிட்ச் மாற்றிகளைச் சராசரியாக்கி ஆராயும் முறையை 1976-இல் மிடில்புரூக்கும் சுக்கும் கால்டெக்கில் தந்தார்கள். பிசிம், சிமுலிங்க், எல்டிஸ்பைஸ் ஆகியவை பின்னர் வந்தவை. மும்பை ஐ.ஐ.டி.யில் சீக்வல் என்ற நிரல் உருவாக்கப்பட்டது. அங்கேயே ஃபாஸ்ஸி திட்டத்தின் கீழ் இசிம் என்ற கட்டற்ற மென்பொருளும் உருவாகி, கல்லூரிகளுக்கு விலையின்றிக் கிடைக்கிறது.

குமாரபாளையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நெசவுத் தொழிலில் பொருளீட்டிய குடும்பங்கள் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரிகளும் நிறுவின. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மின் மற்றும் மின்னணுப் பிரிவு மாணவர்களுக்கு மின்னணுத் திறன் மாற்றிகளின் ஆய்வகப் பயிற்சியும் அவற்றின் சிமுலேஷனும் உண்டு.

சிமுலேஷனில் வரும் பிழைகள்

திறன் காரணி மாற்றியின் சிமுலேஷன் பிழைபடுவதற்குப் பெயர்போனது. முதல் காரணம் கால அளவு. மின்னோட்டம் நிலைபெற 50 ஹெர்ட்ஸின் பத்துச் சுற்றாவது ஓட்ட வேண்டும். அது 200 மில்லி நொடி. சுவிட்ச் நொடிக்கு ஒரு லட்சம் தடவை இயங்கினால் அதற்குள் 20,000 தடவை திறந்து மூடும். ஒவ்வொன்றையும் நூறு புள்ளிகளில் கணக்கிட்டால் இருபது லட்சம் புள்ளிகள். காலப்படியைப் பெரிதாக்கினால் விடை பொய்யாகும். சிறிதாக்கினால் கணினி நாளெல்லாம் ஓடும். ஆகவே முதலில் சராசரி மாதிரியில் வளையங்களைச் சரிசெய்து, பிறகு சுவிட்ச் மாதிரிக்கு வருவது நல்ல வரிசை. வெளியீட்டு மின்தேக்கிக்குத் தொடக்க மின்னழுத்தமாக 400 வோல்ட் கொடுத்துவிட்டால் காத்திருப்பும் குறையும்.

இரண்டாவது, விடை குவியாமல் நிரல் நின்றுவிடுவது. ஸ்பைஸ் ஒவ்வொரு காலப்படியிலும் நியூட்டன்-ராப்சன் முறையில் தோராயங்களைத் திருத்திக்கொண்டே விடையை நெருங்கும். நேரமே எடுக்காமல் திறந்து மூடும் இலட்சிய சுவிட்சும் தடையற்ற டையோடும் அந்த முறையைத் தடுமாற வைக்கும். சுவிட்சுக்குச் சிறு ஏறுகாலம், மின்தூண்டிக்குத் தொடர் தடை, டையோடுக்குக் குறுக்கே தடையும் சிறு மின்தேக்கியும் கொண்ட கிளை ஆகியவற்றைச் சேர்த்தால் இது பெரும்பாலும் தீரும். தரைப்புள்ளிக்கு நேர்மின்வழி இல்லாத முனை எங்காவது இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தரைப்புள்ளி தவறு. மாறுதிசை மூலத்தின் ஒரு முனையையும் டையோடு பாலத்துக்குப் பின்னுள்ள எதிர்முனையையும் ஒரே தரைப்புள்ளியில் இணைத்துவிட்டால், பாலத்தின் ஒரு டையோடு குறுக்கிணைந்துவிடும். ஓர் அரைச்சுற்றில் மூலமே குறுக்குச்சுற்றாகி மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். மாணவர்கள் அடிக்கடி விழும் குழி இது. மாற்றியின் எதிர்முனையை மட்டும் தரையாக வைத்து, மூலத்தின் மின்னழுத்தத்தை இரு முனைகளுக்கிடையே அளப்பதே முறை.

நான்காவது, மின்சுற்று ஓடுகிறது, மின்னோட்டமோ வடிவம் பெறவில்லை. மின்னோட்ட உணரியின் திசை தலைகீழாக இருக்கலாம். கட்டுப்பாட்டு மின்சுற்றிலுள்ள பெருக்கியின் உள்ளீடு அளவுக்கு மீறி அலையின் மேற்பகுதி வெட்டுப்படலாம். வெளிவளையம் வேகமாக இருந்து 100 ஹெர்ட்ஸ் அலைவைத் துரத்தலாம். சுழியத்தை ஒட்டி மட்டும் அலை மடங்கினால், உள்வளையம் அங்கே மின்னழுத்தத்தை எட்டிப்பிடிக்க முடியவில்லை என்று பொருள்.

ஐந்தாவது, அலை சரியாக இருந்தும் திறன் காரணி தவறாகக் கணக்கிடப்படுவது. தொடக்க நிலை அடங்குமுன் அளப்பது, 20 மில்லி நொடியின் முழு மடங்கல்லாத கால அளவை எடுப்பது, அலைகளின் இடைவெளியை மட்டும் பார்த்து ஹார்மோனிக்ஸை விட்டுவிடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். சராசரித் திறனைக் கண்டு, மின்னழுத்தத்தின் மற்றும் மின்னோட்டத்தின் பயனுறு மதிப்புகளின் பெருக்கத்தால் வகுப்பதே நம்பகமானது. 300 வாட் மாற்றி 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியருக்குக் குறைவாக எடுப்பதாகத் திரை காட்டினால், திறன் காரணி ஒன்றைத் தாண்டியதாகிவிடும், அது நடவாதது.

ஆறாவது, கணக்கு முறையே உண்டாக்கும் அலைவு. சரிவக முறையில் கணக்கிடும்போது, சுவிட்ச் திறந்தவுடன் ஒவ்வொரு படியிலும் மேலும் கீழும் தாவும் அலைவு தோன்றும். காலப்படியைப் பாதியாக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும்: மின்சுற்றில் உள்ள அலைவு அப்படியே இருக்கும், கணக்கின் அலைவு மாறிவிடும். கியர் முறை என்ற மற்றொரு கணக்கு முறைக்கு மாற்றினால் இரண்டாவது வகை மறையும்.

தறிக்கூடத்துக்கு உரிய மின்சுற்று

திருத்தும் மாற்றி கருவிக்குள் இருப்பது; அதை உற்பத்தியாளர் வடிவமைக்கிறார். தறிக்கூட உரிமையாளர் கையில் உள்ள முடிவு எவ்வளவு மின்தேக்கி வைப்பது என்பதே. அதற்கு வேண்டிய சிமுலேஷன் மிகச் சிறியது: மின்மாற்றியின் மின்மறிப்பு, மோட்டார்களின் கூட்டுச் சுமை, டிரைவ்களின் ஹார்மோனிக் மின்னோட்ட மூலம், மின்தேக்கி ஆகிய நான்கு உறுப்புகள். அதிர்வெண்ணை 50 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை மாற்றி ஓட்டினால் ஒத்ததிர்வு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். மின்தேக்கியோடு 7 விழுக்காட்டு மின்தூண்டியைத் தொடராக இணைத்தால் அந்தக் கிளையின் ஒத்திசைவு 189 ஹெர்ட்ஸுக்கு வந்து, ஐந்தாவதும் ஏழாவதும் பெருகுவது நிற்கும். இந்தச் சோதனைக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, இசிம் போதும். இதைச் செய்யத் தெரிந்த மாணவர்களும் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

மோட்டார் மட்டும் ஓடிய காலத்தில் மின்தேக்கியே முழு மருந்தாக இருந்தது. மோட்டாரும் மின்னணுவும் கலந்த இன்றைய தறிக்கூடத்தில், ஹார்மோனிக்ஸை அளக்காமலும் ஒத்ததிர்வைக் கணக்கிடாமலும் மின்தேக்கியைக் கூட்டுவது சேதத்துக்கே வழிவகுக்கும். சுமையை முதலில் அளந்து, திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பிறகு பெட்டி வாங்குவதே சரியான வரிசை.